சாக்பீஸ் கோடு உடைய வேண்டும்

"நிறுத்துப்பா! நிறுத்துன்றேன் இல்ல? நான் எறங்கி நடந்துக்கிறேன்!"

பாலாற்று மணலின் நடுவில் அஞ்சலை இப்படிக் கத்தினாள். எதிரே ஓரிக்கைக் கரையின் பனைமரங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தன. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. ஒரு கை வயிற்றில், இன்னொரு கை ஜீப்பின் மேல் கம்பியில். கம்பியைப் பிடித்த கையில் வளையல் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் குலுக்கலில் உடைந்து காலடியில் கிடந்தன.

ஓட்டிக்கொண்டிருந்த எத்திராஜ் அண்ணன் பிரேக்கை அழுத்தினார். ஜீப் நிற்கும்போதும் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் நின்றது.

அஞ்சலை இறங்கினாள். ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் நடக்கவில்லை. வந்த வழியே, தன் ஊரைப் பார்த்து நடந்தாள். வீங்கின கால் மணலில் புதையப் புதைய நடந்தாள்.

"அஞ்சலை! சொன்னாக் கேளும்மா!" என்று நர்ஸ் ரூத் அக்கா பின்னாலேயே ஓடினார்.

"நர்சம்மா, உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இந்த வண்டியில வந்தா உன் ஆஸ்பத்திரிக்கு நான் வர மாட்டேன், என் எலும்புதான் மூட்டையா வரும். பிள்ளை வழியிலேயே வுழுந்துடும்."

அக்கா திரும்பி வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கினே போவுதுப்பா," என்றார் என்னிடம். "வலி எடுக்கறதுக்கு முன்னாலயே ஆஸ்பத்திரியில படுக்க வெக்கணும். போன தடவை கட்டை வண்டியில வந்தா. கரை ஏறறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. இந்தப் பிள்ளையாவது..."



நயினாரின் வில் வண்டி

அந்த நேரம் பார்த்துத்தான் எதிரே சலங்கைச் சத்தம் கேட்டது. தரணேந்திர நயினாரின் வில் வண்டி.

அஞ்சலையும் எங்கள் குடும்பமும் இருக்கிற அக்கரை ஊரின் சமணக் குடும்பத்துப் பெரியவர். நாங்கள் மூவரும் வேலை பார்க்கிற இலவச மருத்துவ நிலையத்தை நடத்துகிற குழுவுக்குத் தலைவரும் அவரே. வண்டியைத் தானே ஓட்டுவார். தார்க்குச்சி வைத்துக்கொள்ள மாட்டார். மாட்டை அடித்தவனை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் மாட்டார். என் அப்பா அவர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர். இன்றைக்கும் அவரைக் கண்டால் அப்பாவின் தோளில் இருக்கிற துண்டு தானாகக் கைக்கு இறங்கிவிடும்.

நயினார், நடந்து போகிற அஞ்சலையைப் பார்த்தார். நிற்கிற ஜீப்பைப் பார்த்தார்.

"புள்ளைத்தாச்சிப் பொண்ணு எறங்கி நடக்குது, வண்டி சும்மா நிக்குது. இன்னா வண்டிப்பா இது?"

அவர் அஞ்சலையைத் தன் வண்டியில் ஏற்றி, வைக்கோல் மேல் மெத்தை போட்ட இடத்தில் உட்காரவைத்து, ஊருக்கே திருப்பிக்கொண்டு போனார். வண்டி போன அழகைச் சொல்ல வேண்டும். மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும், ஆனால் உள்ளே இருக்கிறவரின் தலை மட்டும் ஒரே மட்டத்தில் போகும்.

மறுநாள் குழுவைக் கூட்டிவிட்டார். "கல் குவாரிக்காரர் ஒருத்தர் இந்த ஜீப்பைக் கேட்டுக்கினே இருக்கார். குடுத்துடலாம். என் வில் வண்டியை நர்சம்மாவுக்கே வுட்டுடறேன்."

"ஐயா, உங்க வண்டி நல்ல வண்டிதான்," என்றார் ரூத் அக்கா. "ஆனா மாடு நடந்து போய்ச் சேர அரை நாள் ஆவும். ரத்தம் போறவளுக்கு அரை நாள் கிடையாது."

"இந்த ஜீப்புல ஏறத்தான் ஒருத்தியும் இல்லையேம்மா."

அது நிஜம். அந்த ஆற்றங்கரை ஊர்களில் எங்கள் ஜீப்புக்கு 'உரல்' என்று பெயர் வந்துவிட்டது. அது தெருவில் வந்து நிற்கும்போதே பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அப்போது எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றேன். "ஐயா, ஒரு வாரம் டைம் குடுங்க. நான் சரி பண்ணிடறேன்."

நயினார் என்னை உற்றுப் பார்த்தார். கோபமில்லை, வேடிக்கைதான். "நீ சின்னசாமி மகன் இல்ல? சரி. அடுத்த சந்தை நாளைக்கு ரெண்டு குடம் தண்ணி. ஆத்து ஊத்துல மொண்டு, ஒண்ணு என் வண்டியில, ஒண்ணு உன் வண்டியில. ஓரிக்கைக் கரையில கிளம்பி எங்க ஊர் சாவடி வரைக்கும். உன் குடத்துல தண்ணி நின்னா ஜீப்பு நிக்கும். தண்ணி போனா ஜீப்பும் போவும்."

ஏலத்தில் வந்த சீமான்

இந்த ஜீப்பின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தத் தொடரில், தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் மெக்கானிக் வேலை படித்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "தம்பிக்கு மீசையே இப்போதுதான் முளைத்திருக்கும், அதற்குள் நினைவுக் குறிப்பா?" என்று ஆரணியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். என் தாத்தாவின் நினைவுகளையும் நான்தான் எழுத வேண்டும், அப்பாவின் நினைவுகளையும் நான்தான் எழுத வேண்டும். வயதாகும் வரை காத்திருந்தால் வரிசையில் என் முறை வராது.

ஜீப் ராணுவத்தில் உழைத்துவிட்டு ஏலத்தில் வந்தது. எந்த மலையில் ஏறியது, எந்தப் பனியில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ரேடியோவில் நிலாவுக்கு ஆள் போன பேச்சாகவே இருந்த காலம் அது. "நெலாவுக்கே பூட்டான், நம்மளால பாலாத்தைத் தாண்ட முடியல," என்று எத்திராஜ் அண்ணன் தினமும் ஒரு தடவை சொல்லுவார்.

எத்திராஜ் அண்ணன் பிள்ளையார்பாளையத்துக்காரர். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் தறியில் இருக்க, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். ஆனால் தறி அவரை விடவில்லை. அந்த ஜீப்பில் எது லூசாக இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்பேனரோடு கீழே படுத்து எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்குவார். "பாவு தொய்ஞ்சா பட்டு குப்பை, நட்டு தொய்ஞ்சா வண்டி குப்பை," என்பார்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அப்படித்தான். ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் "விண்ணுன்னு இருக்குது" என்பார்கள். விரலால் தட்டினால் சத்தம் வர வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு நூல் அப்படித்தான் இருக்க வேண்டும்.

டயரையும் அண்ணன் அப்படித்தான் வைத்திருந்தார்.

தவிலும் பலகையும்

முதல் நாள் நான் டயரில் கை வைத்தேன். தட்டினால் தவில் மாதிரி சத்தம். இவ்வளவு காற்று ஏற்றினால் டயர் கல் மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் இறக்கினேன்.

"அய்யய்யோ, இன்னாபா பண்றே? மூச்சு முட்ட ஏத்தி வெச்சிருக்கேன்!"

"மணல்ல ஓட்டற டயர் கொஞ்சம் அமுங்கணும் அண்ணே."

செவிலிமேடு வரை ஓட்டிப் பார்த்தோம். கூழாங்கல்லின் சின்னச் சின்னக் குத்தல் குறைந்தது. பெரிய உதை அப்படியே இருந்தது.

அடுத்ததாக, அதிர்ச்சி தாங்கி. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பம்பு மாதிரி நிற்கும்; ஸ்பிரிங் ஒரேயடியாகத் துள்ளாமல் அடக்குகிற வேலை அதற்கு. அது உள்ளே இறுகிப்போயிருந்தால் வண்டி கட்டை ஆகிவிடும் என்று படித்திருந்தேன். நாலையும் கழற்றி எடுத்துவிட்டு ஓட்டினோம். அடக்குகிற ஆள் இல்லையென்றால் வண்டி தவளை மாதிரி குதிக்க வேண்டும். அதற்காகவே எத்திராஜ் அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

வண்டி குதிக்கவில்லை. ஒரு துள்ளல்கூட இல்லை. பலகைக்கு நாலு சக்கரம் மாட்டினால் எப்படிப் போகும், அப்படிப் போனது.

நான் கத்தியேவிட்டேன். "அண்ணே! ஆடவே இல்ல பாருங்க!"

"ஆடலன்னா நல்லதுதானேய்யா?"

"இல்லண்ணே! ஆடியிருக்கணும்! அடக்கறவன் மேல தப்பில்ல. ஆடவேண்டியவனே ஆடாம இருக்கான்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி எப்படியோ அப்படியேதான் இருந்தது. ஆனால் திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டைகளில்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கட்டி, அச்சின் மேல் உட்கார்த்தி வைத்த அந்த வளைந்த இரும்புப் பட்டைகள்.

படுத்துப் பார்த்தேன். ஒரு பட்டைகூட உடையவில்லை, வளைவும் சரியாக இருந்தது. துடைத்துவைத்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி, ஆனால் கறுப்பாக, பளபள என்று மின்னியது. எந்த நோயும் இல்லாத ஆள் எழுந்து நடக்க மறுக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

எத்திராஜ் அண்ணன் தம் பங்குக்குப் பின் சீட்டில் இலவம்பஞ்சு மெத்தைகளை அடுக்கினார். ரூத் அக்கா ஏறி உட்கார்ந்து பார்த்தார். முதல் பள்ளத்திலேயே மெத்தையோடு சேர்ந்து முன்சீட்டுக்கு வந்துவிட்டார்.

"மெத்தை நல்லாத்தான் இருக்குது எத்திராஜ்," என்றார் தலையைத் தடவிக்கொண்டே. "அடுத்த தடவை கூரைக்கும் ஒண்ணு தெச்சுடுங்க."

ஏறுங்க, இறங்குங்க

வாரம் பாதி போய்விட்டது. எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஜெயிக்கிற வண்டி எப்படி வேலை செய்கிறது என்று போய்ப் பார்ப்பது.

நயினார் வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. அப்பா வேண்டாம் வேண்டாம் என்றார், போனேன்.

"எதிராளியோட ஆயுதத்தைப் பார்க்க வந்தியா?" என்று சிரித்தார் நயினார். "பாரு, பாரு. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

வண்டிக்கு அடியில் குனிந்தேன். அதே மாதிரி அடுக்குப் பட்டைதான். உருதுவில் வில்லுக்குக் கமான் என்று பேர். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதைக் கமான் பட்டை என்றே சொல்லுவார்கள். தமிழில் வில் வண்டி என்று எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! இரண்டுக்கும் ஒரே அர்த்தம். அதற்கு முன் நான் அதை யோசித்ததே இல்லை.

இந்த வண்டியின் பட்டைகள் அழகாக இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக இருந்தன. ஆனால் ஒரு பட்டையின் நுனி அடுத்த பட்டையைத் தொடுகிற இடத்தில் மட்டும் இரும்பு தேய்ந்து வெள்ளையாக மின்னியது.

ஏன் அங்கே மட்டும் தேய வேண்டும்?

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அதை எடுத்து, அடுக்கின் பக்கவாட்டில், நுனிக்குப் பக்கத்தில், மேல் பட்டையிலிருந்து கீழ்ப் பட்டை வரை செங்குத்தாக ஒரு கோடு கிழித்தேன்.

"ஐயா, கொஞ்சம் வண்டியில ஏறுங்களேன்."

அவர் ஏறினார்.

கோடு உடைந்தது! நேர்கோடாக இருந்தது சின்னச் சின்னப் படிக்கட்டாக ஆகிவிட்டது. ஒவ்வொரு பட்டையும் அடுத்ததை விட்டு ஒரு நூல் விலகியிருந்தது. தச்சர்களும் நாங்களும் இம்மியளவை நூல் என்றுதான் சொல்லுவோம்.

"எறங்குங்க ஐயா!"

இறங்கினார். கோடு மறுபடி சேர்ந்துகொண்டது.

"ஏறுங்க!"

உடைந்தது.

"எறங்குங்க! ஐயா, இன்னொரு தடவை ஏறுங்க!"

நயினார் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார். "ஏம்பா, உங்க அப்பன் இத்தினி வருஷத்துல என்னை 'வா'ன்னு கூடச் சொன்னதில்ல. நீ இன்னாடான்னா என்னை ஏத்தி ஏத்தி எறக்கறே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூரத்தில் வேப்பமரத்தடியில் அப்பா நெஞ்சில் கை வைத்தபடி நின்றிருந்தார். ஆனால் நயினார் ஏறினார். தானும் குனிந்து கோட்டைப் பார்க்க முயன்று, முடியாமல், "இன்னா தெரியுது, இன்னா தெரியுது?" என்று சின்னப் பிள்ளை மாதிரி மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குதுங்கய்யா. வழுக்கறதாலதான் வளையுது!"

சைக்கிளை எடுத்தேன். மணலில் உருட்டிக்கொண்டும் ரோட்டில் மிதித்துக்கொண்டும் மருத்துவ நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

உடையாத கோடு

ஜீப்பின் பட்டையில் அதே மாதிரி கோடு கிழித்தேன். எத்திராஜ் அண்ணன் ஏறினார். கோடு நேராக இருந்தது. ரூத் அக்காவும் ஏறினார். நேராக இருந்தது. மருந்துக்காகக் காத்திருந்தவர்களில் திடமானவர்களாகப் பார்த்துப் பின்னால் ஏற்றினேன். அரிசி மூட்டையையும் தூக்கிப் போட்டேன்.

கோடு ஒரு நூல்கூட அசையவில்லை. பட்டை அடுக்கு முழுவதும் ஒரே இரும்புத் துண்டாக இருந்தது.

உளியை எடுத்து இரண்டு பட்டைகளின் இடுக்கில் சுரண்டினேன். கறுப்பாக ஒரு ஏடு உரிந்து வந்தது. அதற்கடியில் இன்னொரு கறுப்பு. அதற்கடியில் சிவப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ராணுவப் பச்சை.

"அண்ணே, இது இன்னா?"

"பெயிண்ட்டுபா." அண்ணனின் முகத்தில் பெருமை. "ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு கோட்டு. சக்கரத்துக்கும் பட்டைக்கும். குங்குமம் வெச்சா எடுப்பாத் தெரியணும் இல்ல?"

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பூஜைக்குப் பூஜை பூசிய பெயிண்ட் இடுக்கில் இறங்கி, பட்டைகளைப் பசை போட்ட மாதிரி ஒட்டவைத்துவிட்டது.

அதோடு முடியவில்லை. பாரம் ஏறி, வளைந்த பட்டை நிமிரும்போது நுனிக்கு நுனி அதன் நீளம் கூடும். கூடின நீளம் எங்கே போகும்? அதற்காகத்தான் ஒரு நுனியை ஊஞ்சல் மாதிரி ஒரு துண்டில் தொங்கவிட்டிருப்பார்கள். பட்டறையில் அதை ஷேக்கிள் என்போம். அது முன்னும் பின்னும் ஆட வேண்டும். எங்கள் ஜீப்பின் ஷேக்கிள், வெள்ளிக்கிழமை தோறும் அண்ணன் முடுக்கிய முடுக்கில், சட்டத்தோடு சேர்த்து வார்த்தது போல நின்றது. கிரீஸ் அடிக்கிற துளைக்குள்ளும் பெயிண்ட் அடைத்திருந்தது. வாராவாரம் அண்ணன் அடித்த கிரீஸ் உள்ளே போகாமல் வெளியிலேயே வழிந்திருக்கிறது. அதையும் அவர் பக்தியாகத் துடைத்திருக்கிறார்.

சொன்னதும் அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"தறியில லூஸ் இருந்தா தப்பு. வண்டியில லூஸ் இல்லன்னா தப்பு. இன்னாய்யா நியாயம் இது?"

"எத்திராஜ்," என்றார் ரூத் அக்கா, "உங்க தறியில பாவு விண்ணுன்னுதான் நிக்குது. ஆனா மிதிகட்டை? அதையும் ஆணி அடிச்சு வெச்சிருக்கீங்களா?"

அண்ணன் காலால் வெறும் தரையை ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார். பாவு நூல்களை மேலும் கீழுமாகப் பிரிப்பதற்கு நெசவாளி காலால் அமுக்குகிற கட்டை அது. அது ஆடினால்தான் நெசவு.

"தேவுடா," என்றார் மெல்ல. "மிதிகட்டையை இல்ல முடுக்கி வெச்சிருக்கேன்!"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஜீப்பைக் கட்டைகள் மேல் ஏற்றிவைத்து, நாலு அடுக்கையும் கழற்றினோம். ஷேக்கிள்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். அண்ணன் பட்டை பட்டையாகப் பிரித்து, சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்ததை விரலால் தடவிப் பார்த்தார், பட்டில் கை வைத்து முடிச்சு தேடுகிற அதே விரலால். எங்காவது சொரசொரப்பு தட்டினால் மறுபடி தேய்த்தார். நுனிகளை நான் அரத்தால் மழுக்கினேன். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் கிரீஸ் தடவி அடுக்கினோம். ஷேக்கிளை முழுதாக முடுக்கி, பிறகு அரைச் சுற்றுத் திருப்பித் தளர்த்தினோம்.

அந்த அரைச் சுற்றைத் தளர்த்தும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீப்பைத் தரையில் இறக்கி, கோடு கிழித்து, அண்ணனை ஏறச் சொன்னேன்.

கோடு படிக்கட்டாக உடைந்தது.

நான் போட்ட கூச்சலில், உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பயந்து எழுந்து ஓடிவிட்டதாக ரூத் அக்கா பிற்பாடு திட்டினார்.

இரண்டு விரல்

சந்தை நாள். ஓரிக்கைக் கரையோரம் மணலைத் தோண்டிய ஊற்றில் இரண்டு பித்தளைக் குடங்களை விளிம்பு வரை மொண்டோம். வைக்கோல் பிரிமணை வைத்து, ஒன்று வில் வண்டியில், ஒன்று ஜீப்பில். சாட்சிக்காக எத்திராஜ் அண்ணன் நயினாரோடு வண்டியில் ஏறிக்கொண்டார். "நீ சரி பண்ண வண்டி, நீயே ஓட்டு," என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ரூத் அக்கா பின்னால் குடத்துக்குப் பக்கத்தில், தொடாமல் உட்கார்ந்தார்.

கிளம்பினோம்.

ஐயா, எப்படிச் சொல்வேன்! அதே தடம், அதே பள்ளம். பள்ளத்தைக் கண்டதும் பழக்கத்தில் என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. உதை வரவில்லை. ஜீப் இறங்கியது, மூச்சு விட்டது, எழுந்தது. மறுபடி ஒரு மேடு. ஏறியது, சாய்ந்தது, நிமிர்ந்தது. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் ரூத் அக்கா தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாவடியில் ஊரே நின்றிருந்தது. மாடு வரும்வரை காத்திருந்தோம். வில் வண்டி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

நயினார் இரண்டு குடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். விளிம்பிலிருந்து உள்ளே விரல் வைத்து அளந்தார். தன் குடம். பிறகு எங்கள் குடம். பிறகு மறுபடியும் எங்கள் குடம்.

"உங்க குடத்துல ரெண்டு விரல் கம்மி," என்றார்.

எத்திராஜ் அண்ணன் தலை குனிந்து நின்றார். பேச்சு பேச்சுதான். நயினார் வாக்குத் தவறாதவர். குவாரிக்காரரின் லாரிச் சத்தம் எனக்கு அப்போதே காதில் கேட்டது.

பெண்கள் கூட்டத்திலிருந்து அஞ்சலை வந்தாள். கால் முன்னைவிட வீங்கியிருந்தது. குடத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணா," என்றாள் எத்திராஜ் அண்ணனிடம், "போன வாரம் இதே கொடத்தை உன் ஜீப்புல வெச்சிருந்தா எவ்ளோ நின்னிருக்கும்?"

"கொடமே நின்னிருக்காதும்மா. எகிறிப் போய் ஆத்துல விழுந்திருக்கும்."

கூட்டம் சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை.

"தண்ணி ரெண்டு விரல் போனாப் போவுது நயினாரே. கொடத்துக்கா நோவு தெரியும்? நான் ஏறிப் பார்க்கிறேன்."

நயினார் ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி," என்றார். "கொடம் சொன்னதை வுட்டுடலாம். இந்தப் பொண்ணு இன்னா சொல்லுதோ, அதுதான் தீர்ப்பு. நானும் கூட வரேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள இது ஒரே ஒரு தடவை 'நிறுத்து'ன்னு சொன்னா, ஜீப்பு குவாரிக்கு." பிறகு எத்திராஜ் அண்ணனிடம், "மாட்டை அவுத்துத் தண்ணி காட்டுப்பா."

அவர் வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். எங்கள் தெரு ஆள் ஒருவன் பக்கத்தில், ஒரே சீட்டில். அப்பா எங்கே நின்று பார்த்தாரோ தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வார்த்தை

ஆற்றில் இறங்கினோம். நான் ஓட்டியது கையால் இல்லை, காதால். பின்னால் ஒரு முனகல் வருகிறதா? 'நிறுத்து' வருகிறதா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் தோள் இறுகியது. ஒன்றும் வரவில்லை.

அவள் அன்றைக்கு இறங்கி நடந்த இடம் வந்தது. உடைந்த வளையல் துண்டுகளை அங்கேதான் கூட்டித் தள்ளியிருந்தோம். மணலில் பச்சையாக ஏதோ மின்னியது. பெரிய பள்ளம் அதற்கு அடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். ஜீப் அசைந்து எழுந்தது.

சத்தமே இல்லை.

கரை ஏறி, ஓரிக்கையைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தும் சத்தமில்லை. ரூத் அக்காவும் பேசவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. வலிக்கிற மனுஷி ஒரு வார்த்தையாவது பேச மாட்டாளா? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

சூரியன் பனைக்குக் கீழே இறங்கிவிட்டது. நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அதற்கப்புறம் விடியும் வரை தண்ணீரோடு சரி. அவர்கள் வீட்டு வழக்கம் அது. அன்றைக்கு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தவர், திரும்பினபடியே இருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. ஓரம் கட்டிப் பார்த்துவிடலாம் என்று காலை பிரேக்குக்குக் கொண்டுபோனேன்.

நயினாரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நிறுத்தாதே," என்றார் ரகசியமாக. "தூங்குது."